பசுமைப் பெட்டி: சந்தேகங்களும் விளக்கங்களும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. அதன் பிறகு இனிப்புக் கடைக்காரர் தொடங்கி வீட்டிலிருந்தே செக்கு எண்ணெய் விற்பவர் வரை பலரும் அட்டைப்பெட்டிக்கு மாறினார்கள். பெட்டி பழுப்பு நிறத்தில் இருந்து, மேலே ஒரு பச்சை இலையும் அச்சாகியிருந்தால் சுற்றுச்சூழலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. அது எவ்வளவு தூரம் சரி? கடைக்காரர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் வரும் சந்தேகங்களில் முக்கியமானவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். எல்லாவற்றுக்கும் மனம் குளிரும்படி பதில் சொல்ல முடியவில்லை.

அட்டைப்பெட்டி என்றால் மரத்தை வெட்டியதுதானே? அது எப்படிப் பசுமை ஆகும்?

பார்சலில் வரும் பழுப்பு நிறப் பெட்டியைப் பொறுத்தவரை, அதற்கென்றே வெட்டப்பட்ட மரம் குறைவு. இந்தியாவில் இந்த வகைக் கிராஃப்ட் தாளின் பெரும்பகுதி பழைய பெட்டிகளையும் கழிவுத்தாளையும் கூழாக்கித்தான் தயாராகிறது. நெளி நெளியான நடுத்தாளை மேல்தாளோடு ஒட்டுவதும் மக்காச்சோள மாவிலோ மரவள்ளி மாவிலோ காய்ச்சிய பசைதான்.

மரக்கூழ் இல்லாமலும் காகிதம் செய்யலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் (டி.என்.பி.எல்.) ஆலை 1980-களிலிருந்து கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்தே ஓடுகிறது. அதே நிறுவனம் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2016 முதல் ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறன் கொண்ட அட்டை ஆலையையும் நடத்துகிறது. மரம் தேவைப்படும் இடத்திலும் அது பெரும்பாலும் விவசாயி தன் நிலத்தில் வளர்த்து விற்கும் சவுக்கும் தைல மரமும்தான். காட்டு மரத்தை நம்பாமல் விவசாயிகளோடு சேர்ந்து மூலப்பொருளை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை ஆலைகளுக்குச் சொல்லிவிட்டது.

இதை வைத்துக்கொண்டு காகிதம் எதிலும் பிளாஸ்டிக்கைவிட மேல் என்று தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. காகித ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், நீராவி வேண்டும். பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் கொண்டு பைகளை ஒப்பிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் காகிதப் பையை 3 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்றது. பருத்திப் பையை 131 முறை. சாக்கடை அடைப்பும் மாட்டின் வயிற்றில் சேரும் நெகிழியும் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அட்டையின் உண்மையான பலம், அது திரும்பத் திரும்பக் கூழாகும் என்பதில் இருக்கிறது. ஒரு நார் 5 முதல் 7 முறை தாங்கும் என்பது வழக்கமான கணக்கு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில் 25 முறை கூழாக்கிய பிறகும் அட்டை வலுவிழக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பெட்டி நனையாமல், எண்ணெய் படாமல், பிளாஸ்டிக் ஒட்டாமல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான். அடுத்த சந்தேகமே அதைப் பற்றியதுதான்.

பளபளப்பான ஸ்வீட் பாக்ஸும் அட்டைதானே? பழைய பேப்பர்காரரிடம் போட்டால் போதாதா?

பெரும்பாலும் போதாது. தீபாவளிக்கு வந்த பெட்டி ஒன்றின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். அட்டை நார் நாராகக் கிழியும். மேலே ஒரு மெல்லிய தோல் மட்டும் கிழியாமல் இழுபட்டுக்கொண்டே வரும். அச்சகத்தில் அதற்கு லேமினேஷன் என்று பெயர். டூப்ளெக்ஸ் போர்டு எனப்படும் அட்டையில் ஆப்செட் அச்சு முடிந்ததும் அதன்மேல் பாலிபுரோப்பிலீன் படலத்தை ஒட்டிவிடுகிறார்கள். தங்க நிறம், வெள்ளி நிறம் என்று மின்னினால் அது உலோகப் பூச்சு ஏற்றிய பாலியெஸ்டர் படலமாக இருக்கும். லட்டு வெளியே தெரிய வேண்டும் என்று மூடியில் ஜன்னல் வைத்திருந்தால் அது இன்னொரு பிளாஸ்டிக்.

கழிவுத்தாள் ஆலையில் பழைய பெட்டிகளை ராட்சத மிக்ஸி போன்ற தொட்டியில் தண்ணீரோடு கொட்டிச் சுழற்றுவார்கள். வெறும் அட்டை சீக்கிரமே கரைந்து கூழாகிவிடும். பின் கம்பியும் ஒட்டு டேப்பும் சல்லடையில் தங்கிவிடும். படலம் ஒட்டிய அட்டை அப்படிக் கரைவதில்லை. தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்துதான் உள்ளே இறங்க முடியும். கடைசியில் படலத்தோடு நல்ல நாரும் ஒட்டிக்கொண்டு கழிவாக வெளியேறும். அந்தக் கழிவு எரிப்பதற்கோ குப்பைமேட்டுக்கோ போகும். பழுப்புப் பெட்டிக்குத் தரும் மதிப்பைப் பழைய பேப்பர் கடைக்காரர் இதற்குத் தராததன் காரணம் இதுதான். அவருக்கு வேதியியல் தெரியாமல் இருக்கலாம். ஆலை எதைத் திருப்பி அனுப்பும் என்பது நன்றாகத் தெரியும்.

இதற்கு மாற்றாக எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ் பூச்சு சிவகாசி போன்ற அச்சு ஊர்களில் பழக்கமானதுதான். மை அழியாமல் காக்கும், ஓரளவு மின்னும், ஆலையில் அட்டையோடு சேர்ந்து பிரிந்துவிடும். லேமினேஷன் அளவுக்குப் பளபளக்காது, தண்ணீர் தெளித்தால் அவ்வளவு தாங்காது என்பது உண்மை. மருந்துப் பெட்டி, தீப்பெட்டி எல்லாம் படலம் இல்லாமலேதான் இத்தனை காலம் கடைக்கு வந்து விற்றுப்போகின்றன. நான்கைந்து நாளில் தீர்ந்துபோகும் மைசூர்பாகின் பெட்டி மட்டும் காலத்துக்கும் நீரில் கரையாமல் இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று இனிப்புக் கடைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

பெட்டியின் மேல் சுற்றும் கண்ணாடித் தாளுக்குத் தடை இருக்கிறதா?

இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டு நெகிழிப் பட்டியலில், இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலம் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. கடையில் அப்படிச் சுற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மறுசுழற்சி செய்த அட்டையில் தின்பண்டத்தை வைக்கலாமா?

நேரடியாக வைக்க வேண்டாம். பழைய செய்தித்தாளும் சேர்ந்துதான் மறுசுழற்சிக் கூழ் ஆகிறது. செய்தித்தாள் மையில் உள்ள கனிம எண்ணெய் கூழிலும் தங்கும். அந்த அட்டையிலிருந்து ஆவியாகி அரிசி, மாவு போன்ற உலர்ந்த உணவுக்கே ஏறும் என்பதை சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநில ஆய்வுக்கூடம் எடுத்துக்காட்டியது. ஐரோப்பிய உணவு நிறுவனங்கள் அட்டைக்குள் தனி உறை வைப்பதில் கவனமானது அதன் பிறகுதான். நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிமுறை செய்தித்தாளில் உணவைப் பொதிவதைத் தடை செய்கிறது. உணவுப் பொட்டலத்தில் அச்சிடும் மை ஐ.எஸ். 15495 தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பஜ்ஜி இன்னமும் நாளிதழில்தான் வருகிறது என்பது வேறு கதை.

பெட்டி மறுசுழற்சி அட்டையாகவே இருக்கட்டும், உள்ளே உணவுக்கேற்ற தாள் ஒன்றை விரித்துவிடலாம். அங்கேயும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நெய் ஊறாத தாள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் செய்யப்படுகிறது. கூழை நன்றாக அடித்து நெருக்கமாக்கிச் செய்வது ஒன்று. பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களைத் தடவுவது இன்னொன்று. இவை மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதையாதவை. டென்மார்க் 2020 ஜூலையிலேயே உணவுக் காகிதங்களில் இவற்றைத் தடை செய்தது. அமெரிக்கச் சந்தையில் இவற்றின் விற்பனை நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. எண்ணெய் கொஞ்சமும் ஊறாத தாளை வாங்கும் கடைக்காரர், அதில் என்ன தடவியிருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வாழை இலையையும் மந்தாரை இலையையும் விரிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

'மக்கும்', 'ஈகோ ஃபிரண்ட்லி' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

போட்டிருப்பதை மட்டும் வைத்து நம்ப முடியாது. மக்கும் பிளாஸ்டிக் என்று ஒன்றை விற்க வேண்டுமானால் அது ஐ.எஸ். 17088 தரத்துக்கு உட்பட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அந்தச் சோதனையும் சுமார் 58 டிகிரி வெப்பத்தைத் தொடர்ந்து காக்கும் உரக்கிடங்குச் சூழலில் நடப்பது. சோளத்திலிருந்து செய்த பி.எல்.ஏ. படலம் அங்கே மக்கும். உங்கள் வீட்டுத் தோட்டத்துக் குழியில், ஊர்க் குளத்தில், ரயில் பாதை ஓரத்தில் அது பல காலம் அப்படியே கிடக்கும். நம் உள்ளாட்சிகளில் அப்படிப்பட்ட உரக்கிடங்கு எத்தனை இருக்கிறது என்று பார்த்தால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

'பசுமை', 'இயற்கைக்கு உகந்தது' போன்ற பொதுவான சொற்களுக்கும் இப்போது கடிவாளம் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இப்படிச் சொல்பவர் அதற்கான ஆதாரத்தை க்யூ.ஆர். குறியீடு, இணைய முகவரி போன்ற வழியில் காட்ட வேண்டும். பாதி மரமும் டிக் குறியும் சேர்ந்த எஃப்.எஸ்.சி. முத்திரை, காகிதத்தின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று. அதன் மேல் படலம் ஒட்டியிருக்கிறதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தெர்மாகோலுக்கு மாற்றாகக் காளானில் பெட்டி செய்கிறார்களாமே?

செய்கிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2007-இல் தொடங்கிய எக்கோவேட்டிவ் நிறுவனம்தான் இதில் முன்னோடி. உமி, தண்டு போன்ற விளைச்சல் கழிவை அச்சில் நிரப்பி, காளானின் வேர் போன்ற இழைகளை அதில் வளரவிடுவார்கள். சில நாளில் இழைகள் எல்லாவற்றையும் பின்னிக் கட்டியாக்கிவிடும். பிறகு சூடாக்கி வளர்ச்சியை நிறுத்திவிடுவார்கள். கணினி நிறுவனமான டெல் இதைச் சில கருவிகளை அனுப்பப் பயன்படுத்தியது. மண்ணில் போட்டால் மக்கிவிடும். வீட்டுக் குழியே போதும். ஒவ்வொன்றும் வளர நாள் பிடிக்கிறது, இடம் பிடிக்கிறது என்பதால் விலையில் தெர்மாகோலோடு போட்டி போடுவது கடினம்.

இந்தக் காளானைவிட நமக்குப் பக்கத்தில் இருப்பது நாமக்கல் முட்டைத் தட்டு. கழிவுத்தாள் கூழை அச்சில் உறிஞ்சி உலர்த்திச் செய்யும் அந்தச் சாம்பல் நிறத் தட்டு, ஒன்றையொன்று இடித்தால் உடையும் 30 பொருட்களைப் பத்திரமாகத் தாங்கி லாரியில் ஊர் ஊராகப் போகிறது. கைப்பேசிப் பெட்டிக்குள் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும் தட்டும் அதே தொழில்நுட்பம்தான். கூழ் மட்டும் உயர்ந்த ரகம், அழுத்தம் கூடுதல். மிக்ஸி ஜாரையும் பீங்கான் கோப்பையையும் தெர்மாகோலில் புதைத்து அனுப்பும் நிறுவனங்கள் இதற்கு மாறத் தடையாக இருப்பது பெரும்பாலும் அச்சுக்கான முதலீடுதான்.

பேசாமல் ஓலைப்பெட்டிக்கே திரும்பிவிடலாமே?

சில பொருட்களுக்குத் திரும்பலாம், திரும்பியும் இருக்கிறார்கள். கருப்பட்டிக்குப் பனை ஓலைப் பெட்டியைவிடப் பொருத்தமான உறை கிடையாது. செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற கைவினை. திருமணத் தாம்பூலத்துக்கு அதில் வைத்துக் கொடுத்தால் வாங்கியவர் வீட்டில் அது பல ஆண்டுகள் இருக்கும். ஆனால் அது ஒரு பெண் உட்கார்ந்து கையால் முடைவது. ஆயிரக்கணக்கில், ஒரே அளவில், அதுவும் அட்டைப்பெட்டி விலைக்கு வேண்டும் என்று கேட்டால் அடிபடுவது அவருடைய கூலிதான். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எறிந்துவிடும் உறையாக ஓலைப்பெட்டியை நினைப்பவர் அதை வாங்காமலிருப்பதே மேல்.

விதைக் காகிதத்தில் பெட்டி? நட்டால் செடி முளைக்குமாமே?

முளைக்கலாம். பெரும்பாலானவை யாராலும் நடப்படாமல் அலமாரியில் கிடக்கும். திருமண அழைப்பிதழுக்கு அழகு. பொருள் அனுப்பும் பெட்டிக்கு வேண்டாத வேலை.

சிறிய தொழில் செய்கிறேன். பசுமைப் பெட்டிக்கு மாறினால் செலவு கூடாதா?

மாற்றத்தை எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொருளை மாற்றினால் செலவு கூடலாம். அளவை மாற்றினால் பெரும்பாலும் குறையும்.

கூரியர் நிறுவனங்கள் தராசில் காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் கிலோவாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அரைக் கிலோ கடலை மிட்டாயை 30, 20, 15 செ.மீ. பெட்டியில் அனுப்பினால் கணக்கில் 1.8 கிலோ ஆகிவிடும். அதையே 20, 15, 10 செ.மீ. பெட்டியில் அடக்கினால் 0.6 கிலோ. அட்டையும் குறைகிறது, உள்ளே திணிக்கும் காற்றுப் பையும் தேவைப்படாது, லாரியிலும் இடம் மிச்சம். ஒரே அளவுப் பெட்டியை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு சீப்பு முதல் சீலை வரை எல்லாவற்றையும் அதிலேயே அனுப்பும் பழக்கத்தை விட்டு, மூன்று அளவாவது வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, பிளை எண்ணிக்கை, அதாவது பெட்டியில் உள்ள தாள் அடுக்குகள். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து பிளை கேட்பவர்கள் அதிகம். பெட்டியின் பலம் தாள்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, தாளின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), பி.எஃப். (வெடிக்காமல் அழுத்தம் தாங்கும் திறன்) எவ்வளவு, நெளிவு எந்த ரகம் என்பதிலும் இருக்கிறது. உயர்ந்த பி.எஃப். உள்ள தாளில் செய்த மூன்று பிளை, மட்டமான தாளில் செய்த ஐந்து பிளைக்கு ஈடு கொடுக்கக்கூடும். பெட்டி செய்பவரிடம் உங்கள் பொருளின் எடையையும், எத்தனை பெட்டி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அட்டை தன் தாங்குதிறனில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடலாம். மழை மாதங்களுக்கு அந்த இடைவெளியை விட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

மடித்துச் செருகினாலே பூட்டிக்கொள்ளும் டை கட்டிங் பெட்டிக்கு டேப் வேண்டாம். நான்கு வண்ண அச்சுக்குப் பதில் ஒரே வண்ணத்தில் நீர் மை போதும். வரியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நெளிவு அட்டைப்பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைச் செய்யும் கிராஃப்ட் தாளுக்கோ 18 சதவீதம். பெட்டி வாங்குபவருக்கு இது ஆறுதல். மூலப்பொருளுக்குக் கட்டிய வரி முடங்கிக் கிடப்பதால் பெட்டி செய்பவருக்குத் தலைவலி.

பெரிய நிறுவனங்கள் மட்டும் சின்னப் பொருளை ஏன் பெரிய பெட்டியில் அனுப்புகின்றன?

கிடங்கில் வேலை செய்பவருக்கு ஒரு பார்சலுக்குக் கிடைப்பது சில நொடிகள். கைக்கு எட்டும் பெட்டியை எடுத்து நிரப்பிவிடுவார். உறைப் பொருளில் மட்டும் மாற்றம் வந்திருக்கிறது: அமேசான் 2020-இலும் ஃபிளிப்கார்ட் 2021-இலும் தங்கள் இந்தியக் கிடங்குகளில் ஒருமுறை பயன்பாட்டு நெகிழி உறைகளைக் கைவிட்டதாக அறிவித்தன. தளத்தில் விற்பவர் தானே நேரடியாக அனுப்பும் பார்சலில் குமிழி உறை இன்னும் வரத்தான் செய்கிறது.

அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை ஆப்பிள் 2020-இல் காட்டியது. ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்ததால் பெட்டி சிறுத்து, சரக்கு மேடை ஒன்றில் 70 சதவீதம் வரை கூடுதலாக அடுக்க முடிகிறது என்றது. சார்ஜர் தனிப் பெட்டியில், தனி விலையில் வந்தது.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவர்களுக்குப் புதிய விதி வருகிறதாமே?

வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேக்கேஜிங் ஒழுங்குமுறை 2025 பிப்ரவரி 11-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெரும்பாலான பிரிவுகள் 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்தும். உணவு உறைகளில் மேலே சொன்ன ஃபுளோரின் சேர்மங்களுக்கு அன்றிலிருந்தே வரம்பு. 2030 முதல் சந்தைக்கு வரும் எந்த உறையும் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அப்போதிலிருந்து சரக்குப் பெட்டியிலும் இணைய வணிகப் பெட்டியிலும் காலி இடம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காற்றுப் பை, குமிழி உறை, நறுக்கிய காகிதம் ஆகியவற்றால் நிரப்பினாலும் அது காலி இடமாகவே கருதப்படும். திருப்பூரிலிருந்து பனியனை பாலிதீன் உறையிலிட்டு அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்பும் நிறுவனங்கள், வாங்குபவர் கேட்கும் ஆவணங்களுக்கு இப்போதே தயாராவது நல்லது.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பணம் என்று வைத்தால் என்ன?

வைக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி இருக்கிறது, டாஸ்மாக்கில். 2022-இல் நீலகிரியில் தொடங்கிய திட்டத்தில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரே ஊருக்குள் திரும்பத் திரும்ப நடக்கும் விநியோகத்துக்கு, அதாவது மளிகை, காய்கறி, பால் போன்றவற்றுக்கு, மடக்கக்கூடிய உறுதியான பெட்டியை இப்படிச் சுழற்றலாம். சென்னையிலிருந்து தென்காசிக்குப் போன பெட்டியைக் காலியாகத் திரும்பக் கொண்டுவருவதில் டீசல்தான் வீண்.

சட்டப்படி இந்தக் குப்பைக்கு யார் பொறுப்பு?

பிளாஸ்டிக் உறை என்றால் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்டின் உரிமையாளர் ஆகியோர் பொறுப்பு. 2022 பிப்ரவரியில் அதற்கான வழிகாட்டுதல் வந்தது. காகிதம், கண்ணாடி, உலோக உறைகளையும் இப்படிக் கொண்டுவர ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் வரைவு விதியை வெளியிட்டது.

வீட்டில் சேரும் பெட்டிகளை என்ன செய்வது?

முதலில் முகவரிச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கின்றன. டேப்பை முடிந்த அளவு உரித்தெடுங்கள். பெட்டியைத் தட்டையாக மடித்து, மழை படாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் ஊறிய பீட்சா பெட்டியின் அடிப்பகுதியை மக்கும் குப்பையில் போட்டு, சுத்தமான மூடியை மட்டும் பழைய அட்டையோடு சேருங்கள். கிழித்தால் தோல் இழுபடும் பளபளப்புப் பெட்டியைத் தனியாகக் கட்டுங்கள்; மற்றதோடு கலந்தால் நல்ல அட்டையின் தரமும் கெடும். எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஈரக்கழிவோடு சேர்த்துத் தள்ளிவிடாமல், தெருவில் வரும் பழைய பேப்பர்காரரை ஒரு குரல் கூப்பிட்டுக் கொடுங்கள்.